காப்புப் பிரதியும் மீட்டலும்: தொடர்புடைத் தரவுத்தளங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஏட்டுச் சுவடிகள் வழங்கிய காலத்தில் ஒரு நூலின் வாழ்வு அதனைப் பெயர்த்தெழுதுவோரின் கையிலேயே தங்கியிருந்தது. செல்லும் ஈரமும் பழைய ஏட்டை அழிக்கு முன்னர் அதனைப் புதிய ஏட்டில் எழுதிவைத்தல் வேண்டும். ஆயின், எழுதிவைத்தமை மட்டும் நூலைக் காத்துவிடவில்லை. 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் சுவடிகளை அவிழ்த்துப் படித்து ஒப்புநோக்கிய போதுதான் எந்த ஏடு முறிந்தது, எவ்விடத்திற் பாடம் விடுபட்டது என்பன தெரியவந்தன. கட்டிவைத்த சுவடி, கட்டு அவிழ்க்கப்படும்வரை முழுமையானதாகவே தோன்றும். ஏடு போய்க் கணனி வந்துவிட்ட இக்காலத்திலும் இவ்வுண்மை மாறவில்லை. அதனைத் தொடர்புடைத் தரவுத்தளங்களைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாணவர் பதிவு, பரீட்சைப் புள்ளிகள், நூலக இரவற் கணக்கு, சம்பளப் பட்டியல் ஆகியன இன்று பெரும்பாலும் தரவுத்தளச் சேவையகங்களிலே வைக்கப்படுகின்றன. பல கணனிகளிலிருந்து வரும் வினாக்களுக்கு ஓரிடத்திலிருந்து விடையளிக்கும் பொதுக் கணனியையே சேவையகம் என்கிறோம். பேரேடுகள் இருந்த காலத்தில் ஒரு பேரேடு கெட்டாலும் ஏனையவை எஞ்சின. இன்றோ ஒரு கட்டளை பல்லாண்டுப் பதிவுகளை ஒரு கணத்தில் அழித்துவிடக் கூடும். எனவே இதனைக் காக்கும் முறை கணனித் துறையினருக்கு மட்டுமன்றி, இப்பதிவுகளை நம்பியிருக்கும் நம் அனைவருக்கும் உரிய விடயமாகும்.

முதலில், தொடர்புடைத் தரவுத்தளம் யாதென நோக்குவோம். ஐ.பி.எம். நிறுவனத்தின் சன் ஓசே ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ஈ. எப். கொட் என்பார் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில் இக்கோட்பாட்டை முன்வைத்தார். தரவுகள் யாவற்றையும் அட்டவணைகளாக அமைத்து, அவற்றுக்கிடையேயான தொடர்பைப் பொதுவான ஒரு பெறுமானத்தினாற் காட்டுதல் என்பதே அதன் சாரம். மாணவர் பெயர்கள் ஓர் அட்டவணையிலும், பாடங்கள் வேறோர் அட்டவணையிலும், புள்ளிகள் மூன்றாவதிலும் இருக்கும். புள்ளி அட்டவணையிலே மாணவரின் பெயர் இராது, சுட்டெண்ணே இருக்கும். அச்சுட்டெண் மாணவர் அட்டவணையில் இல்லையாயின் அப்புள்ளி யாருக்கும் உரியதன்று.

இவ்வமைப்பிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பெறப்படுகின்றது. மாணவர் அட்டவணையைக் காலை 9 மணிக்கும் புள்ளி அட்டவணையை 10 மணிக்கும் பிரதி செய்தோமாயின், இடையிலே பதிவுசெய்யப்பட்ட மாணவரின் புள்ளி பிரதியில் இருக்கும், அம்மாணவர் இருக்கமாட்டார். இயங்கிக்கொண்டிருக்கும் சேவையகத்தின் கோப்புகளை வேறு ஏற்பாடு எதுவுமின்றிப் பிரதி செய்வதனால் விளையும் தீங்கு இதுவேயாம். நல்ல காப்புப் பிரதி, அட்டவணைகள் யாவும் ஒரே கணத்தில் இருந்த நிலையைத் தருதல் வேண்டும். இதற்கென இரு வழிகள் கையாளப்படுகின்றன. யாவரும் விலையின்றிப் பயன்படுத்தத்தக்க போஸ்ற்கிறெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளைக் கொண்டு அவ்விரண்டையும் விளக்குவோம்.

முதலாவது தருக்கமுறைப் பிரதி எனப்படும். 'பீஜி டம்ப்' என்னும் நிரல் தரவுத்தளத்தின் ஒரு கணத்து நிலையைப் பற்றிக்கொண்டு, அட்டவணைகளை மீள அமைப்பதற்கான கட்டளைகளையும் அவற்றின் தரவுகளையும் ஒரு கோப்பில் எழுதுகின்றது. அது எழுதிக்கொண்டிருக்கும்போது ஏனையோர் தம் பணியைத் தொடரலாம். அவர்கள் செய்யும் மாற்றங்கள் அப்பிரதியிற் கலப்பதில்லை. இப்பிரதியை மென்பொருளின் பிந்திய பதிப்பொன்றிலும் மீட்கலாம். ஓர் அட்டவணையை மட்டும் வேண்டினும் பெறலாம். ஆயின் குறைகளும் உள. சேவையகத்துக்குப் பொதுவான பயனர் கணக்குகளும் கடவுச்சொற்களும் இதில் இடம்பெறா. அவற்றை வேறாக எடுத்துவைத்தல் வேண்டும். பெரிய தரவுத்தளமாயின் மீட்பதற்கு நெடுநேரம் செல்லும். இரவு 2 மணிக்கு எடுத்த பிரதி இரவு 2 மணி நிலையை மட்டுமே தரும் என்பது எல்லாவற்றிலும் பெரிய குறையாகும்.

இக்குறையை நீக்குவதே இரண்டாவது வழியாகிய பௌதிகமுறைப் பிரதி. இதனை விளங்கிக்கொள்வதற்குச் சேவையகம் எழுதும் முறையை அறிதல் வேண்டும். எந்த மாற்றத்தையும் அட்டவணைக் கோப்பிற் சேர்க்கு முன்னர், அதனை ஒரு தொடர்ப் பதிவேட்டில் எழுதிவிடுதல் அதன் நியதி. மின் தடைப்பட்டுக் கணனி நின்றுபோயின், மீண்டும் இயங்கும்போது அப்பதிவேட்டைப் படித்து விடுபட்டவற்றை நிறைவுசெய்கின்றது. முன்னெழுதும் பதிவேட்டைக் கொண்டு தரவுத்தளத்தை மீட்கும் முறைகளுள் பெரிதும் அறியப்பட்ட ஒன்றை 1992ஆம் ஆண்டு ஐ.பி.எம். ஆய்வாளர் சி. மோகன் தம் சகாக்களுடன் வெளியிட்டார். அவர் சென்னையிலுள்ள இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பயின்றவர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

விபத்தின்போது பயன்படும் அதே பதிவேடு காப்புப் பிரதிக்கும் உதவுகின்றது. ஒரு நாள் தரவுத்தளக் கோப்புகள் முழுவதையும் அதற்குரிய முறைப்படி பிரதி செய்து அடிப்படைப் பிரதியாக வைத்துக்கொள்கிறோம். அதன் பின்னர் எழுதப்படும் பதிவேட்டுத் துண்டுகளை, பொதுவாக ஒவ்வொன்றும் 16 மெகாபைற்று அளவினவற்றை, நிறைய நிறைய வேறிடத்திற் சேமிக்கிறோம். மீட்கும்போது அடிப்படைப் பிரதியை முதலில் வைத்து, பதிவேட்டை வரிசையாக அதன்மீது நிகழ்த்திக்கொண்டு வருகிறோம். எழுதுவினைஞர் ஒருவர் காலை 10.15க்கு ஒரு பாடத்தின் புள்ளிகள் முழுவதையும் தவறுதலாக அழித்துவிட்டாராயின், 10.14 வரை மட்டும் நிகழ்த்தி நிறுத்தலாம். 2005ஆம் ஆண்டு வெளிவந்த 8.0ஆம் பதிப்பிலிருந்து போஸ்ற்கிறெஸில் இவ்வசதி உண்டு. ஆயினும், இடையில் ஒரு துண்டு காணாமற் போனாலும் மீட்டல் அவ்விடத்திலேயே நின்றுவிடும். அதற்கு அப்பாலுள்ள துண்டுகளால் எப்பயனுமில்லை.

இவ்விடத்திற் பலர் கொள்ளும் மயக்கம் ஒன்றைத் தெளிவுபடுத்தல் அவசியமாகின்றது. முதற் சேவையகத்தின் மாற்றங்களை உடனுக்குடன் பின்பற்றும் துணைச் சேவையகம் ஒன்றை வைத்திருத்தல் வழக்கம். முதற் கணனி பழுதடைந்தால் துணைக் கணனி அதன் இடத்தை ஏற்கும். ஆனால் முதற் சேவையகத்தில் அட்டவணையொன்றை நீக்குமாறு கட்டளையிட்டால் துணைச் சேவையகமும் அதனை அடுத்த கணமே நீக்கிவிடும். எனவே துணைச் சேவையகம் பணி தடைப்படாமற் காக்குமேயன்றி, மனிதத் தவறிலிருந்து காப்பதில்லை.

காப்பு வழிகள் பல ஓரிடத்தில் இருந்தும் பயன்படாது போன வரலாறு ஒன்றுண்டு. நிரலெழுதுவோர் தம் ஆக்கங்களைச் சேமித்துவைக்கும் தளமொன்றை நடத்தும் கிற்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆந் திகதி இது நிகழ்ந்தது. அங்கே துணைச் சேவையகம் முதற் சேவையகத்தைப் பின்பற்ற இயலாமற் பின்தங்கியது. அதனை வெறுமையாக்கி மீண்டும் தொடக்க முயன்ற பொறியியலாளர் ஒருவர், இரவு வெகுநேரம் பணியாற்றிக் களைத்திருந்த நிலையில், அழிக்கும் கட்டளையைத் துணைச் சேவையகத்துக்குப் பதிலாக முதற் சேவையகத்துக்கு இட்டுவிட்டார். ஓரிரு விநாடிகளில் தவறு உணரப்பட்டுக் கட்டளை நிறுத்தப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைற்றுத் தரவில் 4.5 ஜிகாபைற்று மட்டுமே எஞ்சியிருந்தது.

காப்புப் பிரதிகளைத் தேடியபோதுதான் உண்மை நிலை வெளியாயிற்று. நாள்தோறும் எடுக்கப்படும் தருக்கமுறைப் பிரதி சேரவேண்டிய களஞ்சியம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பினதாக இருக்க, பிரதியெடுக்கும் நிரல் 9.2ஆம் பதிப்பினதாக இருந்தமையால் ஒவ்வொரு முறையும் அது தோல்வியுற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ, அனுப்புநரை உறுதிப்படுத்தும் ஏற்பாடு குறைபட்டிருந்தமையால், பெறுமிடத்தில் மறுக்கப்பட்டன. வட்டுகளின் நிலையை அவ்வப்போது பதியும் வசதி தரவுத்தளச் சேவையகங்களுக்குச் செயற்படுத்தப்பட்டிருக்கவில்லை. ஏனைய முறைகள் போதுமென எண்ணப்பட்டமையே காரணம். இறுதியிற் கைகொடுத்தது, ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் வேறொரு சோதனைக்காகப் பொறியியலாளர் ஒருவர் எடுத்துவைத்த வட்டுப் பதிவொன்று. அதனை மெதுவான வட்டுகளிலிருந்து பிரதிசெய்து முடிப்பதற்கே பல மணித்தியாலங்கள் சென்றன. மறுநாள் மாலையே தளம் மீண்டும் இயங்கியது. இடைப்பட்ட நேரத்துத் தரவுகள் மீளவில்லை. ஏறத்தாழ 5,000 திட்டங்களும் 5,000 கருத்துரைகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிப்புற்றன. இவை யாவற்றையும் அந்நிறுவனம் மறைக்காது வெளியிட்டமையாலேயே நாமும் இதனை அறிய முடிகின்றது.

இந்நிகழ்ச்சியிற் கட்டளையிட்டவரைக் குறைகூறி அமைதல் எளிது. களைத்த மனிதர் தவறிழைப்பது இயல்பு. அத்தகைய தவறு நேருமென எதிர்பார்த்தே காப்புப் பிரதி எடுக்கப்படுகின்றது. எடுக்கப்படும் பிரதியை ஒருமுறையேனும் ஒருவர் மீட்டுப் பார்த்திருப்பின், களஞ்சியம் வெறுமையாக இருந்தமை அன்றே தெரிந்திருக்கும். குறை அங்கேயே உள்ளது என்பது எமது கருத்து.

பிரதி இருக்குமிடமும் சிந்தனைக்குரியது. 2021 மார்ச் 10ஆந் திகதி பிரான்சின் ஸ்ராஸ்பேர்க் நகரில் ஓ.வீ.எச். நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடமொன்று தீக்கிரையாயிற்று. தரவையும் காப்புப் பிரதியையும் அவ்விடத்திலேயே வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர். நமது நாட்டில் 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் அரச மேகக் கணனித் தொகுதியைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியபோது, தொகுதியோடு இணைந்திருந்த காப்புப் பிரதிகளும் பூட்டப்பட்டன. இணைப்பற்ற பிரதி இல்லாமையால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்கப்படவில்லை. தரவின் மூன்று பிரதிகள், இரு வேறு வகை ஊடகங்களில், அவற்றுள் ஒன்றேனும் வேறோர் ஊரில் என்னும் பழைய விதியோடு, ஒன்றேனும் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பதையும் இன்று சேர்த்துக்கொள்ளல் தகும்.

இனி, மீட்டுப் பார்க்கும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். மீட்டல் எப்போதும் வேறொரு கணனியிலேயே நிகழ்த்தப்படல் வேண்டும். இயங்கும் சேவையகத்தின்மீது ஒருபோதும் சோதித்தல் ஆகாது. மென்பொருட் பதிப்புகள் பொருந்துகின்றனவா என முதலிற் பார்த்து, மீட்கும்போது தோன்றும் பிழைச் செய்திகளை ஒன்றும் விடாது வாசித்தல் வேண்டும். பின்னர் முக்கிய அட்டவணைகளின் வரிகளை எண்ணி மூலத்தோடு ஒப்பிட்டு, இறுதியாகப் பதிவான திகதி எதுவெனவும் காணல் வேண்டும். பரீட்சைப் பகுதியிற் கடதாசியில் உள்ள சில மாணவரின் புள்ளிகளை எடுத்து மீட்ட தரவோடு பொருத்திப் பார்த்தல் சிறந்த சோதனையாகும். பிரதி பூட்டப்பட்டிருப்பின் அதன் திறப்பு வேறிடத்தில் உள்ளதா என்பதையும் அறிதல் வேண்டும். சோதனை முடிந்ததும் அக்கணனியிலுள்ள தரவை அழித்துவிடல் வேண்டும். அதுவும் மாணவரின் அந்தரங்கமேயாகும்.

இச்சோதனை இரு வினாக்களுக்கு விடை தருகின்றது. எத்தனை மணி நேரத்து வேலையை நாம் இழக்கத் தயாராக உள்ளோம் என்பது ஒன்று. எத்தனை மணி நேரம் பணியின்றிக் காத்திருக்க முடியும் என்பது மற்றொன்று. முதலாவது பிரதியெடுக்கும் இடைவெளியையும், இரண்டாவது மீட்கும் வழியையும் தீர்மானிக்கும். இவ்வினாக்களுக்குக் கணனிப் பிரிவினர் தனித்து விடை கூற இயலாது. பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் ஒரு நாள் இழப்பின் பொருள் யாதென்பதைப் பீடங்களும் பதிவாளர் அலுவலகமுமே அறியும்.

ஆதலின் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாளை மீட்டலுக்கென ஒதுக்குமாறு பல்கலைக்கழகங்களை வேண்டுகிறோம். வழக்கமாக அப்பணியைச் செய்பவரை விலக்கி, வேறொருவர் எழுதிவைத்த குறிப்பை மட்டும் கொண்டு அதனைச் செய்து பார்ப்பாராக. குறிப்பிலுள்ள குறையும் பிரதியிலுள்ள குறையும் அன்று ஒருங்கே வெளிப்படும். அவ்வாறு வெளிப்படும் குறை எதனையும் திருத்துவதற்குக் காலமுண்டு. இழப்பு நேர்ந்த இரவில் முதன்முதலாகச் சுவடியை அவிழ்ப்பவருக்கு அந்த வாய்ப்பு இராது.