களை என்று யார் சொல்வது?

எந்தச் செடியும் களையாகப் பிறப்பதில்லை. யாருடைய நிலத்தில், யாருடைய தேவைக்கு எதிராக நிற்கிறது என்பதை வைத்து அந்தப் பெயர் விழுகிறது. 'அப்ப எல்லாமே வெறும் சொல்லாடல்தானா?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லை. கணக்கும் இருக்கிறது.

1947க்கும் 1985க்கும் இடையில் மாட்டுப் பண்ணைகளுக்காக வட ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்ட புல், பயறுவகைத் தீவனச் செடிகள் 463. லான்ஸ்டேல் 1994இல் வெளியிட்ட ஆய்வுப்படி இவற்றில் பயனுள்ளவை என்று பரிந்துரைக்கப்பட்டவை வெறும் 21. களையானவை 60. அந்த 21இலும் 17 களைகள். தொந்தரவில்லாமல் பயன் தந்தது நாலே நாலு!

இதை விபத்து என்று நான் நினைக்கவில்லை. மேய்ச்சலுக்கு நல்ல பயறுச்செடி எது? வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துக்கொண்டு சத்தில்லா மண்ணிலும் வளரணும், கடித்தாலும் துளிர்க்கணும், ஏராளமா விதைக்கணும். களைக்கும் இதே இலக்கணம்தான்.

நம்மூரில் ஆட்டுக்கு ஒடித்துப்போடும் சவுண்டலை எடுத்துக்கொள்வோம். தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். குயின்ஸ்லாந்தில் வரிசை வரிசையாக நட்டார்கள். அதிலுள்ள மைமோசின் என்ற நஞ்சு மாட்டுக்கு ஆகவில்லை. உடனே, அதைச் சிதைக்கும் நுண்ணுயிரியை 1980களில் ஹவாயிலிருந்து கொண்டுவந்து மாட்டு வயிற்றில் குடியேற்றினார்கள். செடிக்காக மாட்டையே திருத்திய கதை இது. மாடு மேயும்வரை சவுண்டல் அடங்கியிருக்கும். மேயாத ஓடைக்கரையிலும் சாலையோரத்திலும் புதராக மண்டும். லாபம் வேலிக்குள்ளே, செலவு வேலிக்கு வெளியே.

1997இல் ஆஸ்திரேலியா களை அபாய மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. புதிதாக நுழையும் செடியைப் பற்றி 49 கேள்விகள். மதிப்பெண் 6ஐத் தாண்டினால் நுழைவு மறுப்பு, 1க்குக் கீழே என்றால் அனுமதி, இடைப்பட்டால் மேலும் ஆய்வு. 'வேறெங்காவது களையாகியிருக்கிறதா?' என்பது, என் பார்வையில், அவற்றில் மிக உருப்படியான கேள்வி. ஆனால் ஏற்கனவே அனுமதி பெற்ற இனத்தின் புதிய ரகத்துக்கு எல்லையில் இந்தப் பரீட்சை கிடையாது. கூடுதல் வீரியத்தோடு உருவாக்கப்பட்ட ரகம் என்றாலும் அப்படித்தான். லாபம் யாருக்கு, செலவு யார் தலையில் என்ற கேள்வி அந்த 49இல் இல்லவே இல்லை.

தீவனச்செடி காட்டுக்குள் பரவினால் கட்டுப்படுத்தும் செலவைத் தொழில்துறையே ஏற்கணும் என்று 2014இல் ஆய்வாளர்கள் சிலர் முன்மொழிந்தார்கள். நியாயம்தான். ஆனால் சவுண்டல் விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அதுவரை விற்ற கம்பெனி இருக்குமா? அந்தப் பணத்தை விதை விற்கும்போதே வாங்கி வைப்பதைப் பற்றியும் பேசியாகணும்.