தாய் என்று அழைத்தார்கள்

நேபாளி மொழியில் மூத்த சகோதரனைத் 'தாய்' என்று அழைப்பர். முதலெழுத்தின் ஒலிப்பில் சிறிது வேறுபாடு உண்டெனினும், தமிழ்ச் செவிக்கு அது நம் தாயாகவே கேட்கும். 2013 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில், காத்மண்டுப் பள்ளத்தாக்கிலுள்ள ஓர் அனாதைச் சிறுவர் இல்லத்தின் வாயிலில் நான் காலடி வைத்தபோது, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அச்சொல்லைக் கூவிக்கொண்டு ஓடிவந்து என் கைகளைப் பற்றிக்கொண்டனர். முன்பின் அறியாத ஒருவனிடம் இத்துணை அன்பா என்று உள்ளம் நெகிழ்ந்தேன். அந்த அன்பின் பொருள் விளங்க இரண்டு மாதங்கள் சென்றன.

அப்பொழுது எனக்கு வயது இருபத்திரண்டு. பல்கலைக்கழகத்து இறுதிப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருந்த காலம். தொண்டர்களை அனுப்பிவைக்கும் தரகர் ஒருவருக்குப் பணம் செலுத்தியே அவ்வில்லத்தில் இடம் பெற்றேன். தொண்டு செய்வதற்குக் கட்டணம் எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. காலையில் பருப்பும் சோறும் பரிமாறிப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்வதும், மாலையில் ஆங்கிலமும் கணிதமும் சொல்லிக்கொடுப்பதும் என் கடமைகள்.

எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் என் நிழல்போல் திரிந்தான். நாட்டின் வடமேற்கு மூலையில், திபெத்தின் எல்லையை ஒட்டிய ஹும்லா மாவட்டத்தைச் சேர்ந்தவன். தாய் தந்தை இருவரும் இறந்துவிட்டதாக இல்லத்துப் பதிவேடு கூறிற்று.

ஐப்பசியில் தசைன் பெருவிழா வந்தது. நம் நவராத்திரிக் காலத்தை ஒட்டி வரும் அவ்விழாவின் முதல் நாளன்று இருண்ட அறையில் வாற்கோதுமையை விதைப்பார்கள். பத்தாம் நாள், மூத்தோர் அரிசியும் தயிரும் செந்தூரமும் குழைத்து இளையோர் நெற்றியில் இட்டு, அந்த முளைகளைத் தலையிற் சூட்டி வாழ்த்துவர். எத்துணைத் தொலைவில் இருந்தாலும் அந்த வாழ்த்தைப் பெறப் பெற்றோரை நாடிச் செல்வது அந்நாட்டு வழக்கம். நகரம் வெறிச்சோடிற்று. எங்கள் பிள்ளைகள் மட்டும் மதிலோரம் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

"இந்நேரம் அம்மா முளைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பாள்" என்றான் சிறுவன்.

இறந்துபோன தாயைப் பற்றி ஒரு பிள்ளை இப்படிப் பேசுவதில்லை. அன்றிரவு அவனிடம் கிராமத்தின் பெயரையும் தந்தையின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன். மறுநாள் இல்லத்துப் பொறுப்பாளரிடம் கேட்டபோது, அவர் பதிவேட்டைத் திறந்து காட்டி, "எழுதியிருப்பது இதுதான்" என்று கூறி மூடிவிட்டார்.

பின்னர் விசாரித்தும் படித்தும் அறிந்தவை இவை. 1996 இல் தொடங்கி 2006 இல் சமாதான உடன்படிக்கையோடு முடிந்த உள்நாட்டுப் போரின்போது, பிள்ளைகளைப் படைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற அச்சம் மலைக் கிராமங்களை வாட்டியது. அவ்வேளையில் தரகர்கள் வந்து, தலைநகரில் நல்ல படிப்புத் தருவதாகக் கூறிப் பெற்றோரிடமே பணத்தையும் பெற்றுக்கொண்டு பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். நகரில் அப்பிள்ளைகள் போலிப் பத்திரங்களால் அனாதைகளாக்கப்பட்டனர். போர் முடிந்தபின்னும் வறுமை முடியவில்லை. தரகர் வரவும் நிற்கவில்லை. இல்லங்களில் மிகப் பெரும்பாலானவை உல்லாசப் பிரயாணிகள் கூடும் இடங்களிலேயே முளைத்தன. என்னைப் போன்றோரின் இரக்கமும் பணமுமே அவற்றுக்கு உரம்.

குழந்தைக்கு இடையறாத ஒருவரின் அன்பு வேண்டும் என்று ஜோன் போல்பி உலகச் சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை 1951 இலேயே வெளிவந்தது. ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அவர் பெயரை அறிவர். வறுமை ஒன்றை மாத்திரமே காரணமாகக் கொண்டு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கலாகாது என்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2009 இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டல்களும் கூறுகின்றன. நானோ இரண்டு மாதம் அன்பு செய்துவிட்டுப் போக வந்தவன்.

புறப்படும் நாளில் அவன் அழுவான் என்று அஞ்சியிருந்தேன். அவன் அழவில்லை. என் பெட்டியை வாயில்வரை தூக்கிவந்து வைத்துவிட்டு, "அடுத்து வருவது யார், தாய்?" என்று கேட்டான். வந்த நாளில் என் கைகளைப் பற்றிய அன்பு, போவோர் வருவோர் யாவரையும் பற்றிப் பழகிய கைகளின் பழக்கம் என்பதை அக்கணமே உணர்ந்தேன்.

பிரிந்த பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்கும் பணியில் ஈடுபட்டிருந்த சிலரிடம் அவன் கிராமத்தின் பெயர் எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன். ஆறு மாதங்களின் பின் கடிதம் வந்தது. விமானத்திலும் கால்நடையாகவும் சென்று தாயைக் கண்டுபிடித்திருந்தார்கள். மகன் படித்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பியே அவள் காத்திருந்தாளாம். அடுத்த தசைனுக்கு அவன் வீட்டில் இருந்தான்.

வெளிநாடு சென்று அனாதைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்ய விரும்புவதாக இன்று என் மாணவர்கள் சிலர் வந்து சொல்வதுண்டு. அவர்கள் ஆர்வத்தை நான் பழிப்பதில்லை. நானும் அவ்வழி போனவனே. ஆயினும் இரண்டு மாதங்களில் நான் கற்பித்த ஆங்கிலமும் கணிதமும் அச்சிறுவனுக்கு எவ்வளவு பயன்பட்டனவோ அறியேன். பயன்பட்டது அந்த ஒரு தாளே. ஆகவே, போகுமுன் அந்தப் பிள்ளைகளின் தாய்மார் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.