குழாயின் மறுமுனை எங்கே?

மன்னார்த் தீவில் மணலுக்குக் கால் உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் ஒரு பக்கம் ஒதுங்கும். வாடை எழும்பினால் மறுபக்கம் நகரும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை சுமார் 30 கிலோமீற்றர் தூரம் விட்டுவிட்டுக் கிடக்கும் மணல் தீடைகளை எண் சொல்லி அழைப்பவர்கள் உண்டு. எண் மாறுவதில்லை, தீடையின் உருவம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருக்கும்.

காற்றும் நீரோட்டமும் கூலி வாங்காமல் செய்யும் இந்த வேலையை மனிதன் செய்யப் புறப்பட்டால் மூன்று பொருள்கள் வேண்டும்: அடியில் கிடக்கும் மணலைக் கிளப்ப ஓர் இயந்திரம், அதைத் தண்ணீரோடு உறிஞ்சித் தள்ள ஒரு பம்பி, கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு குழாய். தூர்வாரும் கப்பல் என்றதும் முதல் இரண்டும்தான் நினைவுக்கு வரும். மூன்றாவதான குழாய், கடலில் மிதக்கும் கறுத்த இறப்பர்க் குழாய், படங்களின் ஓரத்தில் நின்றுவிடும். ஆனால் வேலை நடக்குமா, நிற்குமா என்பது பல நாள்களில் அந்தக் குழாயின் கையில்தான் இருக்கிறது.

மன்னார்க் கரையிலிருந்து எட்டிவிடும் தூரத்திலேயே இத்தகைய ஒரு பெரிய வேலை தொடங்கி, பாதியில் நின்றது. பாக்கு நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் கப்பல் பாதையால் இணைக்கலாம் என்று 1860 இல் இந்தியக் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த கொமாண்டர் ஏ.டி. டெய்லர் யோசனை சொன்னார். அதன் பிறகு எத்தனையோ குழுக்கள் கூடிப் பிரிந்தன. 2005 ஜூலை 2 ஆம் திகதி மதுரையில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் சேதுசமுத்திரத் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். 167 கிலோமீற்றர் நீளம், 300 மீற்றர் அகலம், 12 மீற்றர் ஆழம் என்று கால்வாய்க்கு அளவு போட்டார்கள். அதற்காக அள்ளவேண்டியிருந்த மண் 8 கோடி கன மீற்றருக்கும் அதிகம். இந்தியாவின் தூர்வாரும் கூட்டுத்தாபனம் வேலையில் இறங்கியது. 2007 ஆகஸ்ட் 31 இல் இராமர் பாலம் என்றும் ஆதாமின் பாலம் என்றும் அழைக்கப்படும் இந்தத் தீடைகளுக்குச் சேதம் விளைவிக்கக் கூடாது என்று இந்திய உச்சநீதிமன்றம் தடுத்தது. 2009 இல் எஞ்சிய பகுதி வேலையும் நின்றுபோனது.

ஆதாமின் பாலத்தருகே மேலே கிடப்பது இளகிய மணல். அடியில் கெட்டித்துப்போன படுகைகள் இருக்கின்றன. அங்கே வேலை செய்த 'அக்குவாரியஸ்' என்ற கப்பலின் ஊன்றுகால் உடைந்ததே அந்தத் தரையின் குணத்துக்குச் சாட்சி.

ஊன்றுகால் என்பது கப்பலின் பின்புறத்திலிருந்து தரையில் குத்தி நிறுத்தும் பெரிய இரும்புத் தூண். வெட்டி உறிஞ்சும் வகைக் கப்பல் இந்தத் தூணைக் கடிகார முள்ளின் அச்சுப்போல வைத்துக்கொண்டு, முன்பக்கத்தை இடமும் வலமுமாக வீசும். முன்னால் தாழ்ந்திருக்கும் சட்டத்தின் நுனியில் பற்கள் கொண்ட வெட்டுத்தலை சுழன்று தரையைக் கொத்தும். கொத்திய மண்ணைப் பம்பி தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி, பின்புறக் குழாய் வழியே தள்ளிவிடும். கப்பல் ஓயாமல் அசைகிறது. அலையும் குழாயைத் தூக்கிப் போடுகிறது. முழுக்க முழுக்க இரும்புக் குழாயாக இருந்தால் முதல் நாளே இணைப்புகள் பிய்ந்துவிடும். வளைந்துகொடுக்கும் இறப்பர்க் குழாய் இல்லாமல் இந்தக் கப்பல் இல்லை என்பதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் உள்ளே ஓடும் பொருள். மண்குழம்பு மெதுவாகப் போனால் மணல் அடியில் தங்கி, குழாயை அடைத்துவிடும். அதனால் பெரிய குழாய்களில் நொடிக்கு 4 முதல் 6 மீற்றர் வேகத்தில் ஓடவிடுகிறார்கள். 80 சென்ரிமீற்றர் உள்விட்டம் கொண்ட குழாயில் நொடிக்கு 5 மீற்றர் வேகம் என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். மணிக்கு ஏறத்தாழ 9,000 கன மீற்றர் குழம்பு போகும். அதில் ஐந்தில் ஒரு பங்கு மண் என்றால் 1,800 கன மீற்றர். பத்துக் கன மீற்றர் ஏற்றும் லொறியில் 180 நடை. தலைமன்னார் வீதியில் இருபது நொடிக்கு ஒரு மணல் லொறி வீதம் இரவு பகலாகப் போவதற்குச் சமமான வேலையை ஒரேயொரு குழாய் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

அத்தனை மணலும் குழாயின் உட்சுவரைத் தேய்த்துக்கொண்டே போகிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ் சாதாரண இரும்பைவிடக் கடினமானது. மன்னார் மணலில் இருக்கும் இல்மனைற், கார்னெற் போன்ற பாரமான கனியங்களும் இலேசுப்பட்டவை அல்ல. முருகைக்கல் துண்டும் உடைந்த சிப்பியும் கலந்தால் அவற்றின் விளிம்பு கத்தியாக வேலை செய்யும். இரும்புச் சுவரில் மணல் மோதும்போது ஒவ்வொரு துகளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலைச் செதுக்கிவிட்டுப் போகும். இறப்பர்ச் சுவரில் மோதும்போது சுவர் சற்று உள்வாங்கி, துகளைத் திருப்பி எறிந்துவிட்டுப் பழைய நிலைக்கு வரும். மென்மையான பொருள் கடினமான பொருளைவிட நீண்ட நாள் நிற்பதன் இரகசியம் இதுதான். கூரிய பெரிய கற்கள் வந்தால் மட்டும் இறப்பர் கிழியும். அத்தகைய இடங்களுக்கு, உட்சுவரில் கனத்த இரும்பு வளையங்களைப் பதித்த கவசக் குழாய்களைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தக் குழாய் ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் ஒரு கட்டடத்தின் சுவரைப் பார்ப்பதுபோல இருக்கும். உள்ளே விரல் தடிப்புக்கோ அதற்கு மேலோ தேய்மானத்துக்கென்றே வைத்த கறுத்த இறப்பர். அதற்குள் ஒரு நிறப்பட்டை ஒளிந்திருக்கும். மேற்படை தேய்ந்து அந்த நிறம் வெளியே தெரிந்தால், குழாயை மாற்றும் காலம் நெருங்கிவிட்டது என்று பொருள். அதையடுத்து நைலோன் அல்லது பொலியெஸ்ரர் இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் பல சுற்று. இவைதான் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்குபவை. காரின் ரயருக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 2 பார். தூர்வாரும் குழாய்கள் 10 முதல் 30 பார் வரை தாங்கும்படி செய்யப்படுகின்றன. பம்பிக்கு முன்னால் வரும் உறிஞ்சு குழாயின் கதை வேறு. அது வெடிக்காது, வெற்றிடத்தில் சப்பிப்போகும். ஆகவே அதன் சுவருக்குள் எஃகு வளையமோ சுருளோ இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே வெயிலையும் உப்பையும் தாங்கும் ஓர் உறை.

செய்முறையும் கைவேலை கலந்ததுதான். நீண்ட இரும்பு உருளை ஒன்றின்மேல் இறப்பர்த் தகடுகளையும் இழைகளையும் படைபடையாகச் சுற்றுவார்கள். இரண்டு முனைகளிலும் துண்டுகளைப் பூட்டுவதற்கான இரும்பு வளையமான பிளான்ஜைச் சேர்த்து, துணிப்பட்டியால் இறுக்கிக் கட்டி, நீராவி அடைப்பில் வேகவைப்பார்கள். கந்தகம் சேர்ந்த இறப்பர் வெந்து ஒரே உடலாகிவிடும். பிறகு உள்ளிருக்கும் உருளையை உருவி எடுத்தால் குழாய் தயார். கொள்கலனில் ஏற்ற வசதியாக ஒரு துண்டு பெரும்பாலும் 11.8 மீற்றர்.

தேய்மானத்துக்கும் கிழிசலுக்கும் ஈடுகொடுப்பதில் இயற்கை இறப்பருக்கு இன்றும் தனி இடம் உண்டு. அந்த மரம் ஆசியாவில் வேர்விட்ட கதையில் இலங்கைக்கும் பங்கு இருக்கிறது. 1876 இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து பிரேசில் இறப்பர் நாற்றுகள் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. அவற்றை நட்டு வளர்த்த இடம் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தோட்டம்.

இனி, இவ்வளவு பாரம் எப்படி மிதக்கிறது? மேலே சொன்ன அளவுள்ள ஒரு துண்டுக்குள் மட்டும் ஏறத்தாழ 7 தொன் குழம்பு நிற்கும். குழம்பு கடல்நீரைவிட அடர்த்தியானது. குழாயின் இரும்பும் இறப்பரும் வேறு. அப்படியே விட்டால் தாழ்ந்துவிடும். ஆகவே குழாயைச் சுற்றி, தண்ணீர் புகாத மூடிய அறைகள் கொண்ட நுரைப்பொருளைப் போர்த்தி, அதன்மேல் இறப்பர் உறை போடுகிறார்கள். வேறு சில இடங்களில் இரும்புக் குழாய்களை மிதவைகளில் ஏற்றி, இடையிடையே இறப்பர்த் துண்டுகளைக் கணுப்போல வைத்து இணைக்கிறார்கள். கப்பல் போக்குவரத்து உள்ள இடத்தில் குழாயைத் தரையோடு தாழ்த்திப் பதித்துவிடுவதும் உண்டு.

பராமரிப்பில் ஒரு சின்ன விடயம், அந்த வேலையாட்களின் பட்டறிவைக் காட்டுவது. மணல் பாரமானது என்பதால் குழாயின் அடிப்பக்கம்தான் முதலில் தேயும். எனவே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பிளான்ஜ் போல்ட்களைக் கழற்றி, குழாயைக் கால் சுற்றோ மூன்றில் ஒரு சுற்றோ திருப்பி மறுபடி பூட்டுகிறார்கள். தேய்மானம் நான்கு பக்கமும் பங்கிடப்பட்டு, குழாயின் ஆயுள் கூடிவிடுகிறது.

இலங்கையில் இந்தத் தொழில்நுட்பம் மிகப் பெரிய அளவில் வேலை செய்த இடம் கொழும்புத் துறைமுக நகரம். 2014 செப்டெம்பரில் தொடங்கி, 2015 இல் இடைநிறுத்தப்பட்டு, 2016 இல் மீண்டும் எழும்பிய அந்த வேலையில் 269 ஹெக்டேயர் நிலம் கடலிலிருந்து உருவானது. 2019 ஜனவரியில் நிரப்பும் பணி முடிந்தது. சுமார் 6.5 கோடி கன மீற்றர் மணல். உறிஞ்சு குழாயைத் தரையில் இழுத்தபடியே ஓடி, வயிற்றில் மணலை நிரப்பிக்கொள்ளும் கப்பல்கள் அதைக் கடலடியிலிருந்து அள்ளிவந்தன. இத்தகைய கப்பல் கரையருகே வந்ததும் முன்முனையை மிதக்கும் குழாயோடு பூட்டி மணலைத் தள்ளும்; அல்லது வானவில்போல வளைவாகக் காற்றில் பீய்ச்சும். மணல் அள்ளிய கடற்பகுதி தாங்கள் மீன்பிடிக்கும் இடம் என்று நீர்கொழும்பு மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள். கடலுக்குள் எழும்பிய நகரத்தைப் படம் பிடித்தவர்கள் ஆயிரம் பேர். மணல் கிளம்பிய இடத்தைப் பார்த்தவர்கள் அந்த மீனவர்கள்தான்.

மன்னாருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. குழாய்க்கு இரண்டு முனைகள். ஒரு முனையில் மணல் போகிறது. மறுமுனையில் மணல் மட்டும் வருவதில்லை, கலங்கிய தண்ணீரும் வருகிறது. நிலம் நிரப்பும் இடத்தைச் சுற்றி அணை கட்டி, மணலைத் தங்கவைத்து, தண்ணீரை மதகு வழியே கடலுக்கு விடுவதே முறை. ஆனால் துகள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் படிவதில்லை. ஒரு மீற்றர் ஆழமுள்ள அசையாத நீரில், 0.2 மில்லிமீற்றர் மணல் துகள் ஒரு நிமிடத்துக்குள் அடிக்குப் போய்விடும். 2 மைக்கிரோன் களித்துகள் அதே ஒரு மீற்றரைக் கடக்க இரண்டு மூன்று நாள் எடுக்கும். அணைக்குள் அத்தனை நேரம் தண்ணீரை நிறுத்திவைக்காவிட்டால் களி அனைத்தும் கடலுக்குத்தான் போகும்.

மன்னாரைச் சூழ்ந்த கடல் ஆழமற்றது. வெளிச்சம் தரைவரை இறங்குவதால்தான் அங்கே கடற்புல் தழைக்கிறது. அதை மேய்ந்துதான் ஆவுளியா என்று நம்மவர்கள் அழைக்கும் கடற்பசு உயிர்வாழ்கிறது. சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளுக்கு அப்பால் இருக்கும் முத்துப் பார்களில் சிப்பி பற்றிக்கொள்வதற்குச் சுத்தமான கெட்டித்தரை வேண்டும். வங்காலையின் சதுப்புநிலம் 2010 இலிருந்து ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இருக்கிறது. மெல்லிய களிப்படை ஒன்று வெளிச்சத்தை மறைத்தாலே இவை அனைத்துக்கும் அடி விழும். இறங்குதுறையை ஆழமாக்கவும் அரிக்கும் கரைக்கு மணல் போடவும் இதே குழாய்தான் உதவும் என்பதும் உண்மையே. குழாயில் குற்றம் இல்லை. அதன் மறுமுனையை எங்கே வைக்கிறோம், மதகை எப்படிக் காக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இலங்கையில் 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தை நிரப்பும் வேலைகள், தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அனுமதி பெறவேண்டிய திட்டங்களின் பட்டியலில் உள்ளன. அவற்றுக்குத் தயாரிக்கப்படும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை 30 வேலை நாள்களுக்குப் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும். யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ வங்காலையிலோ அப்படி ஓர் அறிக்கை வரும் நாளில், கடற்றொழிலாளர் சங்கங்கள் முதலில் திறக்கவேண்டியது வரைபடப் பக்கத்தை. குழாய் எந்த இடத்தில் முடிகிறது, மதகிலிருந்து வரும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, சோளகத்தில் அது எங்கே போகும், வாடையில் எங்கே போகும் என்று கேட்டு எழுதுங்கள். இந்தக் கடலின் நீரோட்டத்தை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்த அறிக்கையை எழுதியிருக்கமாட்டார்கள்.