எவர்சில்வர் தொட்டியில் ஊசி ஓட்டை! கன்னம் வைத்த திருடன் யார்?

தாம்பரம்,-

செம்பாக்கத்தில் ஒரு வீடு. ராத்திரி பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்தாகி விட்டது. குழாயும் மூடியாகி விட்டது. பொழுது விடிந்து பார்த்தால் கழுவும் தொட்டிக்குக் கீழே குளம்!

"நேத்துதானே துடைச்சேன், மறுபடியும் ஈரமா?" என்று வீட்டுக்கார அம்மாள் தலையில் கை வைக்கிறார். பிளம்பர் வருகிறார். வாஷரை மாற்றுகிறார். கூலியை வாங்கிக்கொண்டு போகிறார். மறுநாளும் சொட்டுகிறது! கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால், தொட்டியின் அடியில் ஊசி முனை அளவில் ஓட்டை.

2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த செம்பாக்கத்தில் மட்டும் அல்ல, போர் தண்ணீர் புழங்கும் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய "திருட்டு" இது.

உப்புதான் குற்றவாளி

1913-ல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் உருக்கிய துருப்பிடிக்காத எஃகு, நம் ஊரில் எவர்சில்வர் ஆனது. அதில் உள்ள குரோமியம், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலாக மேலே படர்ந்து காவல் காக்கிறது. அந்தத் தோலைக் கிழிக்கும் எதிரி உப்பில் உள்ள குளோரைடு.

உப்புத் தண்ணீர் தேங்கிக் காயும் இடத்தில் தோல் கிழிகிறது. கிழிந்த புள்ளிக்குள் அமிலம் ஊறி, பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே துளைக்கிறது. மேலே பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி. கீழே ஓட்டை!

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் இதற்குக் கூட்டாளிகள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் தொட்டி மட்டும் அல்ல, உயிருக்கே ஆபத்து. மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும். உஷார்!

18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகம் ஓரளவு தாங்கும். நிக்கல் குறைந்த மலிவு ரகம் சீக்கிரம் அடிபடும். காந்தம் வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது.

அடைப்பது எப்படி?

தொட்டியை நன்றாகக் காய விட வேண்டும். கீழே விளக்கை வைத்து, மேலே இருட்டில் பார்த்தால் ஓட்டைகள் நட்சத்திரமாக மின்னும். அடிப்பக்கத்தில் உள்ள கறுப்புப் பூச்சையும் துருவையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும்.

பிறகு எம்-சீல். இரண்டு களிம்பையும் ஒரே நிறம் வரும் வரை பிசைந்து, அடிப்பக்கத்திலிருந்து அழுத்திப் பூச வேண்டும். சாப்பாட்டுப் பாத்திரம் படும் மேல்பக்கத்தில் வேண்டாம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது. அப்புறம் தொட்டியை நிரப்பி, கீழே செய்தித்தாளை விரித்துப் பாருங்கள். தாள் நனையாவிட்டால் வெற்றி!

"அண்ணே, ஒரு பத்த வச்சுடுங்க" என்று பட்டறைக்குப் போகிறவர்களும் உண்டு. ஆர்கான் வெல்டிங் உறுதியானதுதான். ஆனால் அரித்து மெலிந்த தகட்டில் சூடு பட்டால் சின்ன ஓட்டை பெரிய ஓட்டையாகி விடும்.

ஒன்றிரண்டு ஓட்டை என்றால் அடைக்கலாம். சல்லடையாகி விட்டால் புதுத் தொட்டிதான் வழி.

சொட்டுத்தானே என்று விடாதீர்கள்!

தொட்டிக்குக் கீழே கியாஸ் சிலிண்டர் இருக்கிறதா? ஈரத்தில் அதன் அடிப்பாகம் துருவேறும். மின்சாரப் பிளக் இருக்கிறதா? ஷாக் அடிக்கும். இரண்டையும் முதலில் அப்புறப்படுத்துங்கள்.

ராத்திரி படுக்கப் போகும் முன் தொட்டியில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றி, துணியால் ஒற்றி எடுத்தால் போதும். உப்புத் திருடன் கன்னம் வைக்க இடமே இருக்காது!