உப்புக் காற்றும் உலோகப் பூச்சும்

ஆரோவில் முதல் மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடை வைத்திருக்கும் நமக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஷட்டரின் அடிப்பட்டையில் பொத்தல் விழுகிறது. ரேக்கின் கால் உளுத்துப் போகிறது. மாவு மில்லின் போல்ட்டைக் கழற்ற வெல்டரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. வருடந்தோறும் பெயிண்ட் அடிக்கிறோம். பெயிண்டுக்கு அடியிலேயே துரு வளர்கிறது. இந்தச் செலவை நாம் பேரேட்டில் தனித் தலைப்பில் எழுதுவதில்லை. எழுதிப் பார்த்தால், வட்டி கட்டியும் அசல் தீராத கடன் இது என்பது விளங்கும்.

மூட்டையில் நடப்பதே ஷட்டரிலும்

மழைக்காலத்தில் கல் உப்பு மூட்டை கசிவது மளிகைக்காரர் அனைவரும் அறிந்தது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். சுத்திகரிக்காத உப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடோ சுமார் 33 சதவீதத்திலேயே கசிய ஆரம்பிக்கும். கடற்காற்றில் வரும் உப்புத் துகள் இரும்பின் மேல் படிந்து இதையேதான் செய்கிறது. அதனால் மழை இல்லாத நாளிலும் நம் இரும்புச் சாமான் நனைந்தே இருக்கிறது.

ஜாமீன் நிற்கும் துத்தநாகம்

பெயிண்ட் வெறும் திரை. ஒரு கீறல் விழுந்தால் போதும், துரு உள்ளே நுழைந்துவிடும். துத்தநாகம் என்ற ஜிங்க் அப்படியல்ல. அது கடனுக்கு ஜாமீன் நின்றவரைப் போன்றது. கீறல் விழுந்தாலும் முதலில் தன்னை அரிக்கக் கொடுத்து, பக்கத்திலுள்ள இரும்பைக் காப்பாற்றும்.

ஜி.ஐ. தகட்டை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிறார்கள். முக்க முடியாத பெரிய சாமானுக்கும், பொருத்தி முடித்த சாமானுக்கும் வேறு வழி உண்டு. துத்தநாகக் கம்பியைத் தீயிலோ மின்சாரத்திலோ உருக்கி, காற்றழுத்தத்தால் பொடிப்பொடித் துளிகளாக அடிப்பார்கள். துளிகள் இரும்பில் மோதித் தட்டையாகி உறைந்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் படியும். சாமான் அதிகம் சூடேறாது. இதுவே தெர்மல் ஸ்பிரே. பட்டறைகளில் மெட்டலைசிங் என்பார்கள். ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரில் மாக்ஸ் ஷூப் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த முறை இது.

நம் மாநிலத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் கடல் அரிப்போடு போராடி, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்தியது. 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்தின் இரும்புக்குத் துத்தநாகத் தெளிப்பும், அதன் மேல் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள்.

அச்சிட்ட உலோகத்துக்கும் வேண்டும்

இப்போது உலோகப் பொடியை மெல்லிய அடுக்காகப் பரப்பி, லேசர் கதிரால் உருக்கி, அடுக்கடுக்காகச் சாமானை வளர்க்கும் முப்பரிமாண அச்சு முறை வந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் இப்படி ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினோடு 2024 மே 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் செலுத்தியது. கம்பெனி உற்பத்தியை நிறுத்திவிட்ட பழைய மெஷினின் உதிரி பாகத்தையும் இம்முறையில் ஒன்றிரண்டாகச் செய்யலாம்.

ஆனால் அச்சில் வந்த பாகத்தின் மேல்தோல் ரவையைப் போல் சொரசொரப்பாக இருக்கும். நுண்ணிய துளைகளும் இருக்கலாம். உப்பு தங்க அதைவிட வசதியான இடம் வேறில்லை. அதற்கும் தெளிப்புப் பூச்சு கொடுக்கலாம். தேய்மானம் அதிகமுள்ள இடத்தில் துத்தநாகத்துக்குப் பதிலாகக் கடின உலோகக் கலவையைத் தெளிப்பார்கள். செய்முறை புதிதென்பதற்காக உப்பு யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

நாம் கவனிக்க வேண்டியவை

1. தெளிக்கும் முன் துருவும் பழைய பெயிண்டும் முழுவதும் போக மணல் வீச்சுச் செய்ய வேண்டும். நம் கரையில் சுத்தம் செய்த இரும்பு மறுநாளே பழுத்துவிடும். ஆகவே சில மணி நேரத்துக்குள் தெளித்தாக வேண்டும்.

2. பூச்சின் கனத்தை மைக்ரான் கணக்கில் பில்லில் எழுதி வாங்குங்கள். அளவுமானி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மேலே துளையடைக்கும் பூச்சும் அவசியம்.

3. ரேக் கால், கிரில், பிரிட்ஜ் ஸ்டாண்டு ஆகியவற்றுக்கு இது ஏற்றது. உரசிச் சுருளும் ஷட்டருக்கு ஜி.ஐ. தகடே மேல். போல்ட், நட்டுக்கு எவர்சில்வர் வாங்குவது லாபம்.

4. புளி, ஊறுகாய், உப்பு நேரே படும் பாத்திரத்துக்கும் கரண்டிக்கும் துத்தநாகம் கூடவே கூடாது. புளிப்பும் உப்பும் அதைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும்.

5. எடைக்கற்களுக்கு நாமாக எந்தப் பூச்சும் பூசக் கூடாது. எடை மாறும், முத்திரையும் செல்லாது. துருவேறிய கல்லை முத்திரை அலுவலகத்தில் காட்டி மாற்றுவதே முறை.

காரைக்குடியில் அரிப்பைத் தடுக்கும் வழிகளையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-ல் திறக்கப்பட்டது. அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார், ஒரு வணிகர். நம்மால் அவ்வளவு முடியாது. ஆனால் ஒரே தெருவில் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் தெளிப்பு வேலையை வைத்துக் கொண்டால், கம்ப்ரசர் வந்து போகும் செலவு பத்துப் பங்காகும். மாசி, பங்குனியில் வெயில் ஏறியதும் செய்தால், ஐப்பசி மழைக்கு முன் இரும்பு தயாராக இருக்கும்.