முற்றம் தேடி வரும் பறவைகள்

தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒகேனக்கல்லுக்குச் செல்வோர் கண்டு திரும்புபவை பெரும்பாலும் மூன்றே: அருவி, பரிசல், மீன் வறுவல். நான்காவதாகக் குரங்குகளைச் சொல்லலாம். அவற்றைக் காணாமல் யாரும் திரும்ப இயலாது. ஆனால் ஆற்றோரத்து மருத மரங்களின் கீழ்ச் சற்று நேரம் பொறுமையுடன் நின்றால், வேறொரு கூட்டமும் கண்ணில் படும். பாறை மீது சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகம், நீரையே நோக்கியிருக்கும் மீன்கொத்தி, புதருக்குள் சலசலக்கும் தவிட்டுக்குருவிகள் என அக்கூட்டம் பெரிது.

பென்னாகரம் வட்டாரத்துக் காடுகள் வறண்ட காடுகள். மாசி, பங்குனியில் இலைகள் உதிர்ந்து, ஓடைகளும் வற்றியபின் காவிரியை விட்டால் நீருக்கு வேறு போக்கிடம் குறைவு. அக்காலத்தில் பறவைகளுக்கு இரையைக் காட்டிலும் நீரே அருமையாகிவிடுகிறது. வீட்டுத் தோட்டத்திற்குப் பறவைகளை வரவழைக்க விரும்பும் சகோதர, சகோதரிகள் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. தானியத்தை அள்ளிப் போடுவதற்கு முன் தண்ணீர் வைக்க வேண்டும். தானியத்தைத் தொடாத பறவைகள் பல. தண்ணீர் வேண்டாத பறவை அரிது.

நம் இல்லங்களில் பறவை என்றதும் குழந்தைகள் கேட்பது கூண்டுக்கிளியைத்தான். இதை மார்க்கம் தடுத்திருக்கிறதா என்று கேட்போரும் உண்டு. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் ஒரு சிறு குருவியை வளர்த்ததும், அது இறந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் பரிவோடு விசாரித்ததும் நாமறிந்தவை. துன்புறுத்தாமல், பட்டினி போடாமல் வளர்க்கலாம் என்பதற்கு அறிஞர்கள் அதை ஆதாரமாகக் காட்டியுள்ளனர். எனினும் குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த தாய்ப்பறவையைக் கண்டு, அவற்றை அதனிடமே திருப்பித் தரும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தி அபூதாவூதில் இருக்கிறது. சந்தைக்கு வரும் பச்சைக்கிளிகளில் பெரும்பாலானவை மரப்பொந்திலிருந்து குஞ்சாக எடுக்கப்பட்டவை என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, நமக்குப் பொருந்துவது எந்தச் செய்தி என்பதில் ஐயமில்லை. நாட்டுச் சட்டமும் அவ்வாறே நிற்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வைப்பதும் குற்றமாகும்.

இங்கே ஒருவரை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. 1896இல் பம்பாயில் பிறந்த சாலிம் அலி, சிறுவராக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் தீற்றல் இருந்தது. இதை உண்ணலாமா, கூடாதா என்ற ஐயம் எழவே தம் மாமா அமீருத்தீன் தையப்ஜியிடம் கொண்டு சென்றார். மாமாவுக்கும் அது இன்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். ஹலாலா, ஹராமா என்று கேட்கப் போன சிறுவர், அங்கு வரிசையாக அடுக்கப்பட்டிருந்த பறவைகளைக் கண்டு வியந்து, தம் வாழ்நாளையே அவற்றிற்கு அளித்தார். இந்தியப் பறவைகளைப் பற்றிய அவரது கையேடு 1941இல் வெளிவந்தது. கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990இல் தொடங்கிய பறவையியல் மையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி, தண்ணீர்ச் சட்டிக்கு வருவோம். அகன்ற மண்சட்டியே சிறந்தது. இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டியதில்லை. நடுவே ஒரு கல்லை வைத்தால் சிறு பறவைகள் அதன் மேல் நின்று குடிக்கும், குளிக்கவும் செய்யும். நிழலில், பூனை பதுங்க வசதியான புதருக்கு அருகே இல்லாமல், மதில் மேலோ மொட்டை மாடியிலோ வைக்கலாம். நாள்தோறும் பழைய நீரைக் கொட்டி, சட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிய பின்னரே புதுநீர் ஊற்ற வேண்டும். தேங்கிய நீரில் டெங்குக் கொசு பெருகும் என்பதை அறியாதார் இல்லை.

தருமபுரி மண்ணில் விளையும் சாமையும் கேழ்வரகும், அவற்றோடு கம்பும், சிட்டுக்குருவி, சில்லை, புறா ஆகியவற்றிற்கு ஏற்றவை. கதிர்களைக் குஞ்சமாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடும் பழைய வழக்கம், கடையில் வாங்கும் எந்தப் பெட்டியையும் விட மேலானது என்பது என் கருத்து. பிரியாணி மிச்சம், மிக்சர், சிப்ஸ் ஆகியவற்றைப் போட்டுப் புண்ணியம் தேட வேண்டாம். உப்பும் எண்ணெயும் அவற்றிற்கு ஆகா. ஒரு வேளையில் தீரும் அளவே வைக்க வேண்டும். பிரிட்டனில் தோட்டத்துத் தட்டில் இரை வைக்கும் பழக்கம் மிகுதி. அங்கே 2005 முதல் ஒருவகைத் தொண்டை நோய் பரவி, பச்சைக் குருவியினம் ஒன்று பெருமளவில் மடிந்தது. பல பறவைகள் கூடும் தட்டுகளில் சிந்திய இரையும் அழுக்கு நீரும் நோய் பரவத் துணை செய்தன. நற்செயலென்று தொடங்கியது தீங்காக முடியத் துடைக்காத தட்டு ஒன்று போதும்.

சென்னை இராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் எளிய மனிதர் ஒருவர், 2004 சுனாமிக்குப் பின் மாடியில் ஊறவைத்த அரிசியை வைக்கத் தொடங்கி, ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகளுக்கு உணவளித்துப் புகழ்பெற்றார். நகரத்தின் நடுவே அது இயன்றது. ஒகேனக்கல், ஊட்டமலை போன்ற காட்டோர ஊர்களில் அதைச் செய்தால், கிளிக்கு முன்னே குரங்கு வந்து சேரும். சுற்றுலாப் பயணிகளின் கைத்தீனிக்குப் பழகிய குரங்குகள் பைகளைப் பறிப்பதை அங்குச் சென்றோர் பார்த்திருப்பர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் அருகில் வாழ்வோர் இரைத் தட்டை விட்டுவிட்டு, மரம் வைப்பதே முறை.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற கருத்துடைய நபிமொழி, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அது தட்டைப் பற்றிச் சொல்லவில்லை, மரத்தைப் பற்றிச் சொல்கிறது. அத்தி பழுத்தால் குயிலும் மைனாவும் கொண்டைக்குருவியும் வரும். கொய்யாவுக்குக் கிளி வரும். பாதியைக் கடித்துக் கீழே போடும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். தையல்சிட்டு இலைகளில் புழு தேடும். ஆகவே பூச்சிமருந்து தெளிக்கும் தோட்டத்தில் அதற்கு வேலையில்லை. சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுகளுக்குத் தானியத்தைவிடப் புழுவையே மிகுதியாக ஊட்டுகிறது.

இடமில்லாதவர்கள் ஒரு செம்பருத்தித் தொட்டியாவது வைக்கலாம். கொல்லை உள்ளவர்கள் மழைக்காலத் தொடக்கத்தில் முருங்கைக் கொம்பொன்றை ஊன்றட்டும். சட்டி வைத்த முதல் நாட்களில் காகம் மட்டுமே வரக்கூடும். அடுத்து மைனா, பிறகு கொண்டைக்குருவி. தேன்சிட்டு, முருங்கை பூத்த பிறகு வரும்.