ஈரவளியும் கண்ணாடிப் பாய்ச்சல்மானியும்

வைத்தியசாலையின் ஒட்சிசன் இணைப்புகளிலும், உணர்வழி மருந்து கொடுக்கும் இயந்திரங்களிலும், இரசாயன ஆய்வுகூடங்களின் வாயுக் குழாய்களிலும் நிமிர்த்திப் பொருத்தப்பட்ட கண்ணாடிக் குழாயொன்றினைக் காணலாம். அதனுள்ளே சிறு குண்டு ஒன்றோ, பம்பரம் போன்ற மிதவை ஒன்றோ எழுந்தும் தாழ்ந்தும் நிற்கும். மிதவை நிற்கும் உயரமே நிமிடமொன்றுக்கு இத்தனை லீற்றர் வாயு பாய்கின்றது என்பதைக் காட்டும். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கோவிட்-19 நோய் பரவியபோது, முன்னர் இக்கருவியைக் கண்டிராத பல குடும்பத்தினர் கட்டிலருகே நின்று இம்மிதவையையே பார்த்துக்கொண்டிருந்தனர். மிதவை மேலே நின்றால் மூச்சுக்கு ஒட்சிசன் செல்கின்றது என்பது அவர்களது நம்பிக்கை. அந்நம்பிக்கை எப்பொழுது பொய்க்கும் என்பது பற்றிப் பலரும் சிந்திப்பதில்லை.

ஈரம் மிகுந்த நாடுகளில் இக்கருவி பிழைபட்டால், "இந்தச் சுவாத்தியத்துக்கு இது ஒத்துவராது" என்று கூறி வேறு விலையுயர்ந்த கருவிக்கு விண்ணப்பிப்பது வழக்கமாகிவிட்டது. இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்தல் வேண்டும். காற்றிலுள்ள நீராவி வேறு. குழாயினுள் படியும் நீர் வேறு. இவ்விரண்டினையும் ஒன்றாகக் கொள்வதிலிருந்தே குழப்பம் தொடங்குகின்றது.

முதலிற் கருவியின் இயல்பினை நோக்குவோம். 1908 இல் ஜேர்மனியின் ஆகன் நகரில் கார்ல் கியூப்பேர்ஸ் என்பவர் இதனை அமைத்தார். அடுத்த ஆண்டில் பீலிக்ஸ் மையர் அதே நகரில் இதனை உற்பத்தி செய்யும் தொழிலகத்தை நிறுவினார். 1910 இல் மக்சிமிலியன் நொய் என்ற மருத்துவர் உணர்வழி வாயுக்களை அளப்பதற்கு இதனைப் பயன்படுத்தினார். குழாயின் உட்புறம் கீழே ஒடுங்கியும் மேலே அகன்றும் இருக்கும். வாயுவின் உதைப்பு மிதவையை உயர்த்த, மிதவைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வளையம் போன்ற இடைவெளி அகன்றுகொண்டே செல்லும். உதைப்பும் மிதவையின் நிறையும் சமப்படும் இடத்தில் மிதவை நிற்கும். மிதவையின் விளிம்பில் சரிவான வெட்டுகள் இருப்பின் அது சுழலும். றொட்டாமீற்றர் என்ற பெயர் இச்சுழற்சியால் வந்ததே. சுழற்சி ஓர் அலங்காரமன்று. மிதவை எவ்விடத்தும் ஒட்டாமல் தனித்து நிற்கின்றது என்பதற்கு அதுவே கண்கூடான சான்று.

இனி நீராவியை எடுத்துக்கொள்வோம். 30 பாகை செல்சியசில் நீரின் நிரம்பிய ஆவியமுக்கம் 31.8 மி.மீ. இரசம். ஆகவே முற்றாக நிரம்பிய ஈரவளியிற்கூட நீராவியின் பங்கு கனவளவில் 4.2 சதவீதமே. நீராவியின் மூலக்கூற்று நிறை 18. உலர்வளியின் சராசரி ஏறத்தாழ 29. எனவே ஈரவளி உலர்வளியிலும் அடர்த்தி குறைந்தது, ஆனால் அக்குறைவு 1.6 சதவீதமளவே. பாய்ச்சல் மிகும்போது அளவீடு அடர்த்தியின் வர்க்கமூலத்தைச் சார்ந்திருப்பதால், ஏற்படும் வழு ஒரு சதவீதத்தையும் எட்டாது. 20 பாகையில் அளவு குறிக்கப்பட்ட குழாயை 30 பாகையிற் பயன்படுத்துவதனால் வரும் வழுவும் 2 சதவீதத்துக்குட்பட்டதே. சாதாரண கண்ணாடி மானிகள் பலவற்றின் செம்மையே முழு அளவின் 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கையில், இவற்றைக் கொண்டு சுவாத்தியத்தைக் குற்றங்கூறுதல் பொருந்தாது.

நீர் படிந்துவிட்டாலோ நிலைமை முற்றிலும் வேறு. மிதவையின் தலையில் ஒரு துளி தங்கினால் அதன் நிறை கூடும்; மானி உண்மையிலும் குறைவாகக் காட்டும். அதே நீர் சுவரில் மென்படலமாகப் பரவினால் இடைவெளி ஒடுங்கும். மிதவை உயர்ந்து, மானி உண்மையிலும் கூடுதலாகக் காட்டும். வழு எத்திசையில் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாதபோது, எந்தத் திருத்தக் காரணியும் பயன்படாது. மிகச் சிறிய பாய்ச்சலில், இடைவெளி மயிரளவாயிருக்கும் குழாயின் அடிப்பகுதியில், நீர் இருபுறத்தையும் இணைத்து மேற்பரப்பிழுவிசையால் மிதவையைப் பிடித்துக்கொள்ளும். இதுவே அபாயமான நிலை. வாயு குறைந்த பின்னரும், சிலவேளை முற்றாக நின்ற பின்னரும், மிதவை பழைய இடத்திலேயே நிற்கக்கூடும். குழாய் சற்றுச் சரிந்திருப்பின் ஒட்டுதல் இன்னும் எளிதாகும்.

அவ்வாறாயின் நீர் எங்கிருந்து வருகின்றது? பனிபடுநிலை என்னும் கருத்தே இதற்கு விடை தரும். வெளியே 30 பாகையும் 80 சதவீத சாரீரப்பதனும் உள்ள வளியின் ஆவியமுக்கம் ஏறத்தாழ 25.4 மி.மீ.; அதன் பனிபடுநிலை 26 பாகையளவாகும். அவ்வளியைக் குழாய்வழி இழுத்து, 22 பாகைக்குக் குளிரூட்டப்பட்ட அறையிலுள்ள மானியினூடு செலுத்தினால், கண்ணாடியின் உட்சுவரில் நீர் ஒடுங்குவது தவிர்க்க முடியாதது. வளி மாசினை அளப்போர் இதனை எளிதிற் சந்திப்பர். இங்கு குற்றவாளி ஈரமான சுவாத்தியம் மட்டுமன்று, குளிரூட்டப்பட்ட அறையுமாகும். மானியை வெளிவளியின் வெப்பநிலையிலேயே வைத்தால் இத்தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அமுக்கியிலிருந்து வரும் வளியின் கதை இதனிலும் சுவையானது. மேற்கூறிய அதே வளியை வளிமண்டல அமுக்கத்தின் 5 மடங்குக்கு அமுக்கி, மீண்டும் 30 பாகைக்கு ஆறவிடுவோமாயின், அதன் ஆவியமுக்கம் 127 மி.மீ. ஆக உயரவேண்டும். ஆனால் அவ்வெப்பநிலையில் 31.8 இற்கு மேல் ஆவியாக நிற்க இடமில்லை. எனவே வளியிலிருந்த நீராவியின் நான்கில் மூன்று பங்கு திரவ நீராக விழும். அந்நீரை வடித்தகற்றிய பின் அமுக்கத்தை மீண்டும் குறைத்தால், எஞ்சிய ஆவியின் அமுக்கம் 6.4 மி.மீ. மட்டுமே, சாரீரப்பதன் 20 சதவீதம். அதாவது, வடிகிண்ணமும் அமுக்கக் குறைப்பானும் முன்னே இருக்க, மானி பின்னே இருந்தால், மிக ஈரமான ஊரிலும் மானி உலர்ந்த வளியையே பெறும். அவ்வடிகிண்ணத்தை நாள்தோறும் திறந்து வடிப்பதற்கு எவரும் பொறுப்பாக இல்லாவிட்டால், நீர் நிரம்பி மானிக்குள் வந்து சேரும். பல இடங்களில் "சுவாத்தியம்" என்று பெயர் பெறுவது இக்கவனக்குறைவே என்பது எமது கருத்து.

வைத்தியசாலை ஒட்சிசன் இயல்பிலேயே உலர்ந்தது. அது முதலில் மானியூடாகவும், பின்னர் நீர்க்குப்பியாகிய ஈரமாக்கி ஊடாகவும் செல்லவேண்டும். இவ்வொழுங்கு மாறுதல் ஆகாது. குப்பியில் குறித்த கோட்டுக்கு மேல் நீர் ஊற்றுவதும் நன்றன்று. மேலதிக நீர் நோயாளியின் குழாய்க்குட் சென்று பாய்ச்சலைத் தடுக்கும். நிமிடத்துக்கு 4 லீற்றரும் அதனிற் குறைவும் மூக்குவழி கொடுக்கும்போது ஈரமாக்கி பொதுவாக வேண்டியதில்லை. தேங்கிய நீரில் கிருமிகள் பெருகும் என்பதனால், வேண்டாதவிடத்து அதனை நீக்கிவிடுதலே நலம். உருளையின் அமுக்கக் குறைப்பான் மீது வெளிப்புறமாகப் பனித்திருப்பதைக் கண்டு சிலர் அஞ்சுவர். வாயு விரியும்போது உலோகம் குளிர்வதால் வெளிவளியின் நீர் அங்கே படிகின்றது. உள்ளே செல்லும் வாயுவுக்கு அதனால் ஈரம் சேர்வதில்லை.

மிகவும் உலர்ந்த வாயுவுக்கும் ஒரு குறை உண்டு. சுழலும் மிதவை சுவரில் உரசும்போது நிலைமின்னேற்றம் தோன்றி மிதவையை ஒட்டவைக்கும். இதனைத் தவிர்க்கவே சில குழாய்களின் உட்புறத்தில் பொன் அல்லது வெள்ளீயவொட்சைட்டு மென்படலம் பூசப்படுகின்றது. ஆகவே மிதவை ஒட்டியதும் நீர் என்றே முடிவு கட்டாமல், கண்ணாடியை வெளிச்சத்திற் பார்த்துத் துணிதல் வேண்டும். குழாயை விரலால் தட்டினால் மிதவை விழும்; காரணம் விழாது.

ஈரம் புகுந்த மானியைக் கழற்றி, வடித்த நீராலும் பின்னர் அற்ககோலாலும் கழுவி, உலர்வளியால் முற்றாக உலர்த்தவேண்டும். துணியின் நார் உள்ளே தங்கலாகாது. ஒட்சிசன் மானியாயின் எண்ணெயோ கிறீசோ அணுவளவும் படக்கூடாது. அமுக்கத்திலுள்ள ஒட்சிசனுடன் அவை சேர்ந்தால் தீப்பற்றும். திறப்பு இறுகிவிட்டது என்று ஒரு துளி எண்ணெய் விடும் பழக்கம் வேறெங்கு நல்லதாயினும் இங்கே உயிருக்கு ஆபத்தானது.

கழுவிய மானி சரியாகக் காட்டுகின்றதா என்று சோதிக்க வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டியதில்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்து அளவி ஒன்றும், சவர்க்காரக் கரைசலும், நிறுத்தற்கடிகாரமும் போதும். அளவியின் அடியிலே சவர்க்காரப் படலமொன்றை உண்டாக்கி, மானியூடு வரும் வாயுவை அதன் கீழே செலுத்தினால் படலம் மேலே ஏறும். 100 மில்லிலீற்றரைக் கடக்க 6 செக்கன் எடுப்பின் பாய்ச்சல் நிமிடத்துக்கு ஒரு லீற்றர். ஆயினும் இங்கே நீராவியைப் புறக்கணிக்க முடியாது. உலர்ந்த வாயு ஈரமான அளவியினுள் நிரம்பலுற்றுக் கனவளவில் பெருகும். 20 பாகையில் இப்பெருக்கம் ஏறத்தாழ 2.3 சதவீதம், 30 பாகையில் 4.2 சதவீதத்துக்குச் சற்று மேல். குளிர்நாட்டு ஆய்வுகூடத்துக்கென எழுதப்பட்ட திருத்தத்தை அப்படியே எடுத்தாண்டால், நல்ல மானியைப் பிழையானதென்று ஒதுக்கிவிடக்கூடும். அறையின் வெப்பநிலையை வாசித்து, அவ்வெப்பநிலைக்குரிய ஆவியமுக்கத்தை 760 இலிருந்து கழித்து, மீதியை 760 ஆல் வகுத்து வரும் எண்ணால் அளந்த பாய்ச்சலைப் பெருக்கவேண்டும். 30 பாகைக்கு அவ்வெண் 0.958 ஆகும்.